மீன் எண்ணெய் பூசிய காண்டசா

நைனா போய் ஆறு வருடம் கழித்துத்தான் அவருடைய காரை நான் கையால் தொட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல வேண்டாம். அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கார் ராயபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய சந்தில், கிடங்கு மதிலோரம் தினமும் நின்றுகொண்டுதான் இருந்தது. பதினைந்து வயதுக்கு மேல் நான் அதில் ஏறிய தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட ஏறவில்லை.

வெள்ளை காண்டசா. நீளமான மூக்கு, முன்னால் நான்கு வட்ட விளக்கு, பின்சீட்டில் நான்கு பேர் நெருக்கியடிக்காமல் உட்காரலாம். இப்போது அதைப் பார்க்கிற பையன்கள், "ஆன்ட்டி, இது நம்மூரு மசில் காரு" என்று செல்போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். அப்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நைனா பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் முதலாளியிடம் இருபது வருடம் கார் ஓட்டினார். முதலாளி ஆபீஸை மூடிவிட்டு வெளிநாட்டில் இருந்த மகனோடு போய்ச் சேர்ந்தபோது, "இத்தனை நாள் நீதானே ஓட்டின, நீயே வெச்சிக்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் தெருவிலேயே முதல் கார் அதுதான். டிரைவர் வீட்டு வாசலில் கார் நிற்பதைப் பார்க்க முதல் வாரம் கூட்டமாகத்தான் இருந்தது.

நைனா மீனவர் வீட்டுப் பிள்ளை. பெரியப்பாவுக்குக் காசிமேட்டில் மரப் படகு இருந்தது. மரம் உளுத்துப்போகாமல் இருக்கப் படகுக்கு வருடா வருடம் மீன் எண்ணெய் அடிப்பார்கள். மரத்தைக் காப்பாற்றுகிற எண்ணெய் இரும்பைக் காப்பாற்றாதா என்று நைனா யோசித்திருக்கிறார். கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்துபோகும், காரின் தகரம் எந்த மூலைக்கு? அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை ஜாக்கியில் ஏற்றுவார். ஒரு டின் மீன் எண்ணெய், ஒரு டின் கழிவு ஆயில், இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு, அடியில் மல்லாந்து படுத்து, மூலை முடுக்கெல்லாம் பிரஷ்ஷால் அடித்துக்கொண்டு வருவார். வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் எண்ணெய் ஒழுகும். வருடத்துக்கு ஒரு பூச்சு, அதன் மேல் ஒரு பூச்சு.

அந்த நாற்றத்தை என்னவென்று சொல்வது? கருவாட்டை ஊறப்போட்டு மறந்துவிட்ட சட்டி மாதிரி இருக்கும். அடித்த முதல் மாதம் சந்துக்குள் பூனை எல்லாம் வந்து காருக்கு அடியிலேயே குடியிருக்கும். அப்புறம் குறையும், ஆனால் போகவே போகாது. வெயில் நேரத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் சீட்டிலிருந்து, காலடி ரப்பரிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ கிளம்பி வரும்.

எங்கள் தெருவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மொட்டை மாடியில் கருவாடு காயாத வீடு அங்கே எத்தனை? கிண்டல் மட்டும் பண்ணுவார்கள். "இன்னா மாமு, கருவாட்டு வண்டி எங்க கெளம்பிச்சு?" என்பார்கள். நைனா சிரித்துக்கொண்டே, "ஏறு, உன்னியும் காய வெச்சி எடுத்தாறேன்" என்பார். பிரசவ வலி எடுத்தாலும் அந்தக் கார்தான், பொணத்தோடு கல்லறைக்குப் போகிற பெரியவர்களுக்கும் அந்தக் கார்தான். எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணம். எங்கள் தெருப் பெண் யாராக இருந்தாலும் கோயிலுக்கு நைனாவின் காரில்தான் போவாள். யாரும் போட்ட சட்டம் இல்லை, அப்படியே பழக்கமாகிவிட்டது. நேராகக் கோயிலுக்குப் போகமாட்டார். முதலில் கடற்கரை ரோட்டுப் பக்கம் போய், துறைமுகத்து கேட் வரைக்கும் ஒரு சுற்று, அப்புறம்தான் கோயில். "வேற ஊட்டுக்குப் போற பொண்ணு, நம்ம கடல ஒருக்கா பாத்துட்டுப் போவட்டும்" என்பார். அதற்காக ஒரு காசு கை நீட்டி வாங்கமாட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரன் பெட்ரோலுக்கு என்று நீட்டினால்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்.

எனக்கு மட்டும்தான் அந்தக் கார் ஆகவில்லை. நான் படித்தது ஊருக்கு உள்ளே, தள்ளி, ஒரு கான்வென்டில். கூடப் படித்தவர்கள் எழும்பூர், கீழ்ப்பாக்கம் பக்கத்துப் பெண்கள். ஒரு மழை நாளில் நைனா என்னைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கி வகுப்பில் போய் உட்கார்ந்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "யார் டிபன் பாக்ஸ்ல மீன்?" என்று கேட்டாள். நான்கைந்து பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அவர்கள் மேல் வந்திருக்க வேண்டும். நைனா மேல் வந்தது. அடுத்த நாளிலிருந்து இரண்டு தெரு தள்ளியே இறக்கிவிடச் சொன்னேன். அப்புறம் அதுவும் வேண்டாம் என்று பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரியும், ஏனென்றால் நான் வீட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவள் இல்லை. "கலீஜ் வண்டி, கலீஜ் வண்டி" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இருபத்தாறு வயதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கீழ்ப்பாக்கம். அவர்கள் என்னை ஒரு குறையும் சொல்லவில்லை, குறை சொல்லிவிடுவார்களோ என்று நானே நூறு குறையை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு, எங்கள் வீட்டுப் பாத்திரம், எங்கள் சந்து. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நைனா மாடிக்கு ஏறி வந்து கதவு ஓரமாக நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "காலீல ஏழு மணிக்கெல்லாம் வண்டிய வாசலுக்குக் கொண்டாந்துர்றேன் கண்ணு. கடலாண்ட ஒரு சுத்து சுத்திட்டு கோயிலுக்குப் போயிடலாம்" என்றார்.

நான் அப்போது கைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வேணாம் நைனா. ஆபீஸ் ஃபிரண்டு மூலமா ஏசி கார் சொல்லிட்டேன். அந்த நாத்தத்துல என்னால உக்கார முடியாது. பட்டுப் பொடவ நாறும். அவங்க வீட்டாளுங்க முன்னாடி நான் மீன் கூடை மாதிரி எறங்கணுமா?" என்றேன்.

சொன்ன வார்த்தை ஒன்றுகூட மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நைனா "சரிம்மா" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் நான் வாடகைக் காரில் போனேன். தெருவில் எல்லாப் பெண்களையும் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்ட மனுஷன், தன் பெண்ணின் கல்யாணத்தன்று பிரியாணி டேக்சாக்களைக் காண்டசாவின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். கடற்கரை ரோட்டுச் சுற்றும் எனக்கு இல்லை, வாடகை டிரைவருக்கு அதெல்லாம் என்ன தெரியும்? கோயில் வாசலில் நைனா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் இருந்த இருபது வருடத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, "கொண்டாந்து வுடட்டா?" என்று கேட்பார். "ஆட்டோல போய்க்கிறேன் நைனா" என்பேன். பிற்பாடு எனக்கே அந்த நாளை நினைத்தால் கூசும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "வா நைனா, அந்தச் சுத்து ஒண்ணு போய்ட்டு வரலாம்" என்று கேட்டிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போட்டேன். அவர் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கார் தார்ப்பாய்க்குள் போனது. ஆறு வருடம் போனது. போன வருடம் அம்மாவுக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சிரைப்பு வந்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது, ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நைனாவின் நினைவு நாள் பூசைக்கு அவருடைய காரில், முன்சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்படித்தான் இருவரும் போவார்கள். "அடுத்த வருசம் நான் கீறனோ இல்லியோ. ஒரு வாட்டி போயிடணும்" என்றாள்.

தண்டையார்பேட்டையில் பழைய கார்களைச் சரிபண்ணுகிற ஒரு மேஸ்திரியின் ஷெட்டுக்குக் காரை இழுத்துக்கொண்டு போனேன். அறுபது வயது இருக்கும், வேலையில் சுத்தம், வாயில் தயவு தாட்சண்யம் கிடையாது. காரை மேலே ஏற்றி டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? கடலோரம் இத்தினி வருசம் நின்ன வண்டிங்கற, அடில ஒரு பொட்டு துரு இல்லியே" என்றார். ஸ்குரூ டிரைவரால் சுரண்டிக் காட்டினார். கருப்பாக, விரல் தடிமனுக்குப் பொருக்கு. அதற்குக் கீழே தகரம் பளிச்சென்று இருந்தது. "யாரோ மீன் எண்ண அடிச்சிகினே வந்துகிறாங்க. அந்த மனுசன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்க்கா."

"அதை முழுசா எடுத்துடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு? இதான் வண்டியக் காப்பாத்திகினு கீது."

"நாறுது."

"நாறினா நாறிட்டுப் போவுது. வண்டி கீதா இல்லியா?"

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல்தான் கோபம் நிற்கும். பணம் கொடுக்கிறவள் நான், சொன்னதைச் செய்யுங்கள் என்று கத்திவிட்டேன். அவர் தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அப்பால என்னிய கேக்காத" என்று மட்டும் சொன்னார். ஆவி பீய்ச்சி, சுரண்டி, மருந்து அடித்து, எண்ணெய் இருந்த சுவடே இல்லாமல் எடுத்தார்கள். சீட்டுகளின் பழைய ரெக்சினைக் கிழித்துப் போட்டுப் புதிதாகத் தைத்தார்கள். அம்மா உடம்புக்கு அந்த நாற்றம் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நாற்றம் வந்தால் கதவு ஓரமாக நைனா நின்ற நிற்பு எனக்கு ஞாபகம் வரும். அதற்குப் பயந்தேன்.

மூன்று மாதத்தில் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது. அம்மா கேட்டாள், "ஓடுதில்ல? அப்புறம் இன்னா, வந்து இட்டுகினு போ." பெயின்ட் இல்லாமல் திட்டுத் திட்டாக நிற்கிற வண்டியில் எப்படிக் கூட்டிப்போவது? பழைய பம்பரின் பளபளப்பு வரவில்லை, அந்த வெள்ளை நிறமும் சரியாக அமையவில்லை. "பொறும்மா, முடிஞ்சிடட்டும், நாலு பேர் பாக்கற மாதிரி போலாம்" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உனக்கு எப்பவும் அந்த நாலு பேருதான்டி" என்றாள். சுருக்கென்று இருந்தது. ஆனாலும் காக்க வைத்தேன். நடுவில் அவளை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்து, நான்கு நாள் என் உயிர் என்னிடத்தில் இல்லை. கடவுள் புண்ணியம், திரும்பி வந்தாள்.

நினைவு நாள் காலை. காண்டசாவை நானே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஸ்டியரிங் கல் மாதிரி கனம், தோள்பட்டை கழன்றுவிட்டது. தெருவே கூடிவிட்டது. ஷோக்கா கீது, ஷோக்கா கீது என்று ஆளுக்கு ஒரு பக்கம் தடவிப் பார்த்தார்கள். அம்மா சந்தனக் கலர் பட்டுப் புடவையில் மெல்லப் படியிறங்கி வந்தாள். இரண்டு பேர் பிடித்து முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் ஏறினேன்.

"கண்ணாடிய ஏத்து" என்றாள். ஏற்றினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். மறுபடி ஒரு தடவை இழுத்தாள். உங்க நைனா வாசனை எங்கே என்று கேட்கப்போகிறாள், அதைக் காசு கொடுத்துச் சுரண்டிப் போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? டாக்டர், மூச்சிரைப்பு, அலர்ஜி என்று பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"உன் கல்யாணத்தன்னிக்கும் இப்டித்தான் இருந்துச்சி" என்றாள் அம்மா.

"எது?"

"இந்த வண்டிதான். கொஞ்சங்கூட நாத்தம் இல்லாம."

எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கல்யாணத்துக்கு முன்னாடி மூணு நாளு வண்டிய காசிமேட்டுக்கு எடுத்துகினு போனாருல்ல? உங்க பெரியப்பா படகாண்ட நிறுத்தி, அடில படுத்துகினு அந்த எண்ணெயெல்லாம் சுரண்டினாரு. மண்ணெண்ணெ ஊத்தி ஊத்தித் தேச்சாரு. சீட்டெல்லாம் கழட்டி, சோப்பு போட்டு வெயில்ல காய வெச்சாரு. கையெல்லாம் கொப்புளம். எம்பொண்ணு மூக்க மூடாம ஒக்காந்து வரணும்னு சொல்லிகினே செஞ்சாரு. அன்னிக்கு சாயங்காலம் உன்னாண்ட வந்து பேசினாரே, அப்ப வண்டி கீய வாசல்லதான் நின்னுகினு இருந்துச்சி. சாம்பிராணி போட்டு வெச்சிருந்தோம்."

அந்த மூன்று நாள் அவர் பந்தல்காரன், சமையல்காரன் என்று அலைகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான் மாடிக்கு ஏறினேன். பாதிப் படிலயே அவரு கையப் புடிச்சி இஸ்துகினாரு. 'ஒருக்கா கீய வந்து மோந்து பாருன்னு அவகிட்ட சொல்லு'ன்னேன். 'அது வண்டி நாத்தம் இல்ல, வுடு'ன்னுட்டாரு. மக்காநாளு அதே சீட்டுல டேக்சாவ ஏத்திகினு போனாரு. அடுத்த வாரமே மழ வருதுன்னு திரும்ப எண்ண அடிச்சிட்டாரு. 'நான் உசிரோட கீற வரைக்கும் அவகிட்ட சொல்லாத'ன்னாரு. இப்பதான் அவரு இல்லியே. அவரு போயும் எனக்கு வாய் வரல, இன்னிக்குதான் வந்துச்சி."

நான் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்து அழுதேன். ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாலு பேர் நாற்பது பேராக நின்றார்கள், எனக்கு அது உறைக்கவே இல்லை. அம்மா என் முதுகில் கையை வைத்து, தட்டாமல், சும்மா வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி, எடு. பூசைக்கு மணி அடிச்சிடுவாங்க" என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நான் உட்கார்ந்திருந்த மாடியிலிருந்து அந்த வாசலுக்குப் பதினான்கு படி. எழுந்து இறங்கிப் போயிருந்தால், காரின் கதவை ஒரு தடவை திறந்திருந்தால், எனக்குத் தெரிந்திருக்கும். நான் மருதாணி கலைந்துவிடும் என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.